தெரியலையா, முடியலையா? – பாதி செஞ்ச கேமை விளையாடிப் பாக்குறவனோட கடிதம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்க வார இணைப்புல சொந்தமா வீடியோ கேம் செய்யுற இளைஞர்கள பத்தி ஒரு கட்டுரை போட்டிருந்தீங்க, நல்லா இருந்துச்சு, எந்த சாஃப்ட்வேர்ல ஆரம்பிக்கணும், படம் வரைய ஆள் இல்லன்னா என்ன பண்ணலாம், மியூசிக் எப்படி சேக்கணும்னு எல்லாம் ஓரளவுக்கு சொல்லியிருந்தாங்க. ஆனா கடைசி பாராவுல ஒரே ஒரு வரி, கேம் முடிந்ததும் நண்பர்களிடம் கொடுத்து கருத்து கேளுங்கள்னு போட்டு முடிச்சுட்டாங்க. சார், பாதி வேலையே அந்த ஒரு வரிக்குள்ள தான் இருக்கு. அதுல மூணு விஷயம் தப்பு. கேம் முடிஞ்சதுக்கு அப்புறம் குடுக்கக்கூடாது, நண்பர்கள்கிட்ட மட்டும் குடுக்கக்கூடாது, கருத்து கேக்கவே கூடாது. கொஞ்சம் நீளமா தான் எழுதப் போறேன், பொறுத்துக்கோங்க.

நான் புரோகிராமர் கிடையாது. மத்தவங்க செஞ்சுகிட்டு இருக்குற கேம வாங்கி விளையாடிப் பாத்து எங்கெங்க இடிக்குதுன்னு எழுதிக் குடுக்குறவன், பிளேடெஸ்ட்னு சொல்லுவாங்க. இப்ப என் கைல இருக்குறது ரெண்டு பேர் மட்டும் சேர்ந்து செய்யுற ஒரு பசில் பிளாட்ஃபார்மர். தெரியாதவங்களுக்கு, பிளாட்ஃபார்மர்னா பக்கவாட்டுல ஓடி குதிச்சு மேடை மேடையா தாண்டிப் போற கேம், மரியோ வகை. பசில் பிளாட்ஃபார்மர்ல குதிச்சா மட்டும் பத்தாது, ஒவ்வொரு ரூமும் ஒரு புதிர், யோசிச்சா தான் கதவு திறக்கும். 2008ல வந்த பிரெய்ட், 2010ல வந்த லிம்போ எல்லாம் இந்த ஜாதி தான், பெரிய கம்பெனி துணை இல்லாம சின்ன டீமா சேர்ந்து சொந்தமா செஞ்சு உலகம் பூரா பேர் வாங்குன கேம்ஸ். நான் டெஸ்ட் பண்ற கேம்ல ஒரு சின்ன பொம்மை இருக்கு, ஒரு பட்டன அமுக்குனா அது இரும்பு குண்டு மாதிரி கனமாயிடும், இன்னொரு தடவ அமுக்குனா பஞ்சு மாதிரி லேசாயிடும், அவ்ளோ தான் மொத்த கேமும். கனமா இருந்தா தண்ணிக்குள்ள முங்கலாம், பலகைய உடைக்கலாம், தரையில இருக்குற சுவிட்ச அழுத்தலாம். லேசா இருந்தா ஃபேன் காத்துல மேல மிதக்கலாம். ஒரே பட்டன்ல இவ்ளோ புதிர் வரும்னு நான் நினைக்கவே இல்ல, ஐடியா அருமையான ஐடியா. இன்னும் வெளிய வரல, அதனால பேரு சொல்லல.

சரி, நண்பர்கள் விஷயத்துக்கு வரேன். நண்பன் கேம் செஞ்சு குடுத்தா நாம என்ன சொல்லுவோம்? சூப்பர்டா, கலக்கிட்டடா, கொஞ்சம் கஷ்டமா இருக்கு அவ்ளோ தான். அவன் மூஞ்சிய பாத்துகிட்டே வேற என்னத்த சொல்றது. போதாததுக்கு அந்த நண்பன் கேம் செய்யும்போதே பத்து தடவ அத பத்தி நம்மகிட்ட பேசியிருப்பான், எந்த ரூம்ல என்ன பண்ணணும்னு அரைகுறையா நமக்கு முன்னாடியே தெரியும். அப்படிப்பட்ட ஆள் விளையாடுறத பாத்துட்டு கேம் எல்லாருக்கும் புரியுதுன்னு முடிவுக்கு வந்தா வெளிய போனதும் அடி தான்.

செய்யுறவங்களுக்கு இது ஏன் தெரிய மாட்டேங்குதுன்னா அவங்க தலைக்குள்ள விடை ஏற்கனவே ஓடிகிட்டு இருக்கு. 1990ல ஸ்டான்ஃபோர்டுல எலிசபெத் நியூட்டன்னு ஒருத்தங்க அவங்க ஆராய்ச்சிக்காக ஒரு சோதனை பண்ணாங்க, எல்லாருக்கும் தெரிஞ்ச பாட்டோட தாளத்த ஒருத்தர் மேஜையில விரலால தட்டணும், எதிர்ல இருக்குறவர் என்ன பாட்டுன்னு கண்டுபிடிக்கணும். தட்டுனவங்க பாதி பேராவது கண்டுபிடிச்சிடுவாங்கன்னு சொன்னாங்க, ஆனா தட்டுன 120 பாட்டுல கண்டுபிடிச்சது வெறும் 3. தட்டுறவருக்கு மனசுக்குள்ள முழு பாட்டும் கேக்குது, எதிர்ல இருக்குறவருக்கு டொக் டொக்னு சத்தம் மட்டும் தான். லெவல் டிசைன் பண்றவரும் அப்படித்தான், இது எவ்ளோ ஈஸி இது கூடவா தெரியாதுன்னு அவர் நினைக்கிற இடத்துல தான் நாங்க சுவத்துல முட்டிகிட்டு நிப்போம்.

பெரிய கம்பெனிங்க இத ரொம்ப முன்னாடியே புரிஞ்சுகிட்டாங்க. 1998ல வந்த ஹாஃப்-லைஃப் கேம வால்வ் கம்பெனி எப்படி செஞ்சாங்கன்னு அங்க வேலை பாத்த கென் பேர்ட்வெல் 1999ல ஒரு கட்டுரை எழுதியிருக்காரு. வெளி ஆள கூட்டிட்டு வந்து விளையாட வச்சுட்டு, அந்த லெவல செஞ்சவங்க பின்னாடி உக்காந்து நோட்ஸ் மட்டும் எடுக்கணும், ஒரு வார்த்தை பேசக்கூடாது, ஹிண்ட் குடுக்கக்கூடாது. அப்படி 200க்கு மேல டெஸ்ட் நடத்தியிருக்காங்க, ரெண்டு மணி நேரம் ஒருத்தர் விளையாடுனா மாத்த வேண்டியது நூறு கிட்ட வருமாம். வாய மூடிகிட்டு பாத்துகிட்டு இருக்குறது நம்ம தலைக்கனத்த எவ்ளோ இறக்கிடும்னு அதுல எழுதியிருப்பாரு, படிச்சுப் பாருங்க. அதே கம்பெனி 2007ல போர்ட்டல் செஞ்சப்ப ஒரு லெவல்ல ஒரு பெட்டிய கடைசி வரைக்கும் தூக்கிட்டுப் போகணும், ஆனா டெஸ்ட்டுக்கு வந்தவங்க அத நடுவுலயே விட்டுட்டு போயிடுறாங்க, அப்புறம் வழி தெரியாம முழிக்கிறாங்க. பெட்டிய தூக்கிட்டு வாங்கன்னு போர்டு வச்சிருக்கலாம். அவங்க அந்த பெட்டி மேல ஒரு இதயம் வரைஞ்சு, அது உங்க துணைன்னு கேம்ல வர்ற குரல சொல்ல வச்சாங்க, அவ்ளோ தான், அப்புறம் ஜனங்க அத கூடவே தூக்கிட்டு வந்தாங்க. கடைசியில அந்த கேம்லயே ஜனங்களுக்கு ரொம்ப பிடிச்ச பொருள் அந்த பெட்டி தான். இதெல்லாம் யாரும் ஃபீட்பேக்ல எழுதிக் குடுத்தது இல்ல, பெட்டிக்கு இதயம் வரைங்கன்னு எந்த டெஸ்டர் சொல்லுவான்? பெட்டி தனியா கெடந்தத பாத்தவங்க தான் கண்டுபிடிச்சாங்க.

இப்ப நான் சொல்ல வந்த விஷயம். பசில் பிளாட்ஃபார்மர்ல ஒரு தனி தலைவலி இருக்கு, சும்மா பசில் கேம்லயும் கிடையாது சும்மா ஆக்‌ஷன் கேம்லயும் கிடையாது. ஆள் மாட்டிகிட்டான்னா அதுக்கு ரெண்டு காரணம் இருக்கலாம். ஒண்ணு, என்ன பண்ணணும்னே அவனுக்குத் தெரியல. இன்னொண்ணு, என்ன பண்ணணும்னு தெரியும், விரலால முடியல. வெளிய இருந்து பாத்தா ரெண்டும் ஒரே மாதிரி தான் இருக்கும், பொம்மை குழியில விழுது, சாகுது, திரும்ப வருது, திரும்ப விழுது. ஆனா மருந்து ரெண்டுக்கும் நேர் எதிர். தெரியாதவனுக்கு கட்டுப்பாட்ட சுலபமாக்கிக் குடுத்தா அவன் தப்பான வழியிலயே இன்னும் சுகமா முயற்சி பண்ணுவான். முடியாதவனுக்கு ஹிண்ட் குடுத்தா எனக்கு தெரியும்டான்னு கடுப்பாகி கேம மூடிட்டு போயிடுவான்.

நான் சொன்ன கேம்ல ஒரு ரூம் இருக்கு. நடுவுல ஒரு ஏத்த இறக்க பலகை, கீழ முள்ளு, அந்தப் பக்கம் உசரத்துல கதவு. பலகையோட மறு முனையில ஒரு கல்லு தொங்கிகிட்டு இருக்கும், நம்ம எடைய வச்சு அத விழ வச்சுட்டு, அது விழுந்து பலகை நம்மள தூக்கி எறியுற நேரத்துல லேசாயிட்டா அப்படியே மேல பறந்து கதவுக்கு போயிடலாம். அழகான புதிர், விடைய கண்டுபிடிச்சப்ப நானே சிரிச்சுட்டேன். ஆனா வந்த டெஸ்டர் பாதி பேர் அந்த ரூம்ல நின்னுட்டாங்க, எழுதிக் குடுத்தது என்னன்னா ஜம்ப் பத்தல, ஜம்ப் உசரத்த கூட்டுங்க. செய்யுறவரும் நல்ல மனுஷன், கூட்டிட்டாரு. அடுத்த வெர்ஷன்ல என்ன ஆச்சு, முன்னாடி இருந்த நாலஞ்சு ரூம்ல புதிரே செத்துப் போச்சு, ஃபேன் போட்டு மிதந்து போக வேண்டிய இடத்த சும்மா ஒரு குதியில தாண்டிடலாம். பிளாட்ஃபார்மர்ல ஜம்ப் உசரம்ங்குறது மொத்த கேமுக்கும் அளவுகோல், எல்லா இடைவெளியும் எல்லா சுவரும் அத வச்சு தான் அளந்து கட்டியிருப்பாங்க, அதுல கை வச்சா எல்லாத்துலயும் கை வச்ச மாதிரி. இவ்ளோ பண்ணியும் அந்த பலகை ரூம்ல நின்னவங்க அங்கேயே தான் நின்னாங்க.

அவங்க விளையாடுன ரெகார்டிங்க போட்டுப் பாத்தா விஷயம் புரியும். ஒருத்தர் கூட அந்தரத்துல இருக்கும்போது கனம் மாத்துற பட்டன அமுக்கவே இல்ல. ஒருத்தர் கூட. எல்லாரும் தரையில நின்னு மாத்திட்டு அப்புறம் குதிக்கிறாங்க. ஏன்னா அதுவரைக்கும் வந்த எல்லா ரூம்லயும் தரையில நின்னு மாத்துறது மட்டும் தான் வேலையா இருந்துச்சு, பறந்துகிட்டு இருக்கும்போதும் மாத்தலாம்னு கேம் அவங்களுக்கு எங்கயும் காட்டவே இல்ல. அதனால லேசா நின்னா கல்லு விழ மாட்டேங்குது, கனமா நின்னா பறக்க மாட்டேங்குது, அப்ப ஜம்ப் தான் பத்தலன்னு அவங்க முடிவுக்கு வந்துட்டாங்க. அவங்க நிலமையில அது நியாயமான முடிவு தான். டெஸ்டர் வலிக்குதுன்னு காட்டுன இடம் நூத்துக்கு நூறு சரி, சொன்ன மருந்து தான் தப்பு.

நான் எழுதிக் குடுத்தது இவ்ளோ தான்: அந்த ரூமுக்கு ரெண்டு ரூம் முன்னாடி முள்ளே இல்லாத ஒரு சின்ன ரூம் வைங்க, அங்க விழுந்துகிட்டு இருக்கும்போது கனம் மாத்துனா தான் அடுத்த படி உடையும், வேற ஒண்ணும் பண்ணவே முடியாது, சாகவும் முடியாது. வச்சாங்க. ஜம்ப் பழைய அளவுக்கே போயிடுச்சு, பலகை ரூம்ல இப்ப புதுசா வர்றவங்க கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு தாண்டிடுறாங்க. இது ஒண்ணும் என் மூளை கிடையாது, 1985ல வந்த சூப்பர் மரியோவோட முதல் லெவல்ல இருக்குறது தான். அதுல முதல் காளான் வெளிய வந்ததும் எதிர்ல இருக்குற குழாயில முட்டி நம்ம பக்கமே திரும்பி வரும், எதிரின்னு பயந்து குதிச்சா கூட மேல இருக்குற கட்டையில தலை இடிச்சு அது மேலயே விழுவோம், காளான் நல்லதுன்னு ஒரு எழுத்து இல்லாம புரிஞ்சிடும். அந்த கேம செஞ்ச மியாமோட்டோவே பேட்டியில இத விளக்கியிருக்காரு.

இது தெரியாதவன் கதை. முடியாதவன் கதை வேற, அங்க தான் செய்யுறவங்களோட வீம்பு வெளிய வரும். மேடையோட விளிம்பு வரைக்கும் ஓடி வந்து கடைசி நொடியில ஜம்ப் அமுக்குறோம், பொம்மை குதிக்காம நேரா குழியில விழுது. நான் அமுக்குனேன்னு நாங்க சொல்லுவோம், இல்ல நீங்க விளிம்ப தாண்டுனதுக்கு அப்புறம் தான் அமுக்குனீங்க, எப்ப எந்த பட்டன் அமுக்குனீங்கன்னு கேம் பதிஞ்சு வச்சிருக்கு, அதுல பாருங்கன்னு அவங்க சொல்லுவாங்க. ரெண்டும் உண்மை. நொடிக்கு 60 ஃப்ரேம், அதாவது 60 படம், ஓடுற கேம்ல ஒரு ஃப்ரேம்ங்குறது கிட்டத்தட்ட 17 மில்லி செகண்ட், மனுஷன் கை அதுல ரெண்டு மூணு ஃப்ரேம் முன்ன பின்ன தான் போகும். 2018ல வந்த செலெஸ்ட் கேம் கஷ்டத்துக்கே பேர் போன கேம், அதுல கூட விளிம்ப தாண்டி 0.1 செகண்டுக்குள்ள அமுக்குனா ஜம்ப் செல்லும், அதாவது 6 ஃப்ரேம். இதுக்கு கயோட்டி டைம்னு பேரு, கார்ட்டூன்ல அந்த ஓநாய் மாதிரி ஒண்ணு மலை விளிம்ப தாண்டி அந்தரத்துல ஓடிட்டு கீழ பாத்ததும் தான் விழும்ல, அத வச்சு வந்த பேரு. தரைய தொடுறதுக்கு கொஞ்சம் முன்னாடியே ஜம்ப் அமுக்கிட்டாலும் அத ஞாபகம் வச்சு தொட்டதும் குதிக்கும். மேல போகும்போது கட்டையோட மூலையில லேசா தலை இடிச்சா சில பிக்சல் தள்ளி விட்டு மேல அனுப்பிடும். விளையாடுறவனுக்கு இது எதுவும் தெரியாது, கண்ட்ரோல் நல்லா இருக்குன்னு மட்டும் சொல்லுவான். நம்ம டெவலப்பர்கிட்ட இதச் சொன்னப்ப அது ஏமாத்து வேலை மாதிரி இருக்கேன்னு இழுத்தாரு. புதிருக்கு விடை கண்டுபிடிச்சவன ரெண்டு ஃப்ரேமுக்காக குழியில தள்ளுறது மட்டும் என்ன நியாயம்னு கேட்டேன், சேத்துட்டாரு.

இதுல இன்னொரு கொடுமை, செத்தா எங்க இருந்து ஆரம்பிக்கணும்ங்குறது. ஒரு ரூம்ல ஆறு வேலை செய்யணும்னு வைங்க, பெட்டிய தள்ளணும், சுவிட்ச அழுத்தணும், தண்ணி ஏறுறவரைக்கும் நிக்கணும், மிதக்கணும், இப்படி. ஆறாவதுல கை தவறி செத்தா முதல்ல இருந்து எல்லாம் திரும்ப. அந்த அஞ்சும் நாம ஏற்கனவே கண்டுபிடிச்சு முடிச்சாச்சு, அதுல யோசிக்க ஒண்ணும் இல்ல, வெறும் கூலி வேலை. தண்ணி ஏறுறவரைக்கும் நிக்குற அந்த நேரம் இருக்கே, முதல் தடவ அழகா இருக்கும், திரும்பத் திரும்ப வந்தா ஃபோன எடுத்துடுவோம். பிரெய்ட்ல சாவே கிடையாது, ஒரு பட்டன அமுக்கி நேரத்த பின்னாடி ஓட்டிக்கலாம், அதனால தான் அவ்ளோ கஷ்டமான புதிர் வச்சும் ஜனங்க கோவப்படல. வி எழுத்த ஆறு தடவ எழுதி பேர் வச்ச ஒரு கேம் 2010ல வந்துச்சு, அதுல சாவு நொடிக்கு நொடி, ஆனா செக்பாயிண்ட், அதாவது செத்தா திரும்ப ஆரம்பிக்குற இடம், காலடிக்கு ஒண்ணு இருக்கும், உடனே எழுந்துடலாம். மூளைக்கு வேலை குடுக்குற கேம்ல விரல் தப்புக்கு தண்டனை ரொம்ப கம்மியா இருக்கணும்ங்குறது என் உறுதியான கட்சி.

டெஸ்ட் பண்றவங்களையும் சொல்லணும், எங்க ஆளுங்க சும்மா இல்ல. ஃபீட்பேக் எழுதச் சொன்னா தான் செய்ய ஆசப்படுற கேம எழுதுவாங்க. டபுள் ஜம்ப் வைங்க, கத்தி குடுங்க, ஒரு பாஸ் ஃபைட் வச்சா மாஸா இருக்கும். அதெல்லாம் வேற கேம் தம்பி, இந்த கேம்ல என்ன ஆச்சுன்னு சொல்லு. உருப்படியா எழுதணும்னா எந்த ரூம், என்ன பண்ணணும்னு நெனச்சேன், என்ன பண்ணேன், என்ன ஆச்சு, இந்த நாலு போதும். பலகை ரூம் மோசம்னு எழுதுனா செய்யுறவருக்கு ராத்திரி தூக்கம் போறத தவிர ஒரு பிரயோஜனமும் இல்ல. கல்லு வெறும் அலங்காரம்னு நெனச்சேன், அதனால அந்தப் பக்கம் போகவே இல்லன்னு ஒரு டெஸ்டர் எழுதியிருந்தாங்க பாருங்க, அது தங்கம். அந்த கல்லோட கலர் பின்னாடி இருக்குற சுவரோட ஒட்டிப் போயிருந்துச்சுன்னு அதுக்கப்புறம் தான் எல்லாருக்கும் கண்ணுல பட்டுச்சு. முடிஞ்சா விளையாடும்போதே மனசுல ஓடுறத வாய் விட்டு சொல்லிகிட்டே ரெகார்ட் பண்ணிக் குடுத்துடுங்க, இப்ப இங்க போறேன், ஏன் திறக்கல, ஓ இது சுவிட்சா, அப்படின்னு. எழுதும்போது நாம புத்திசாலியா ஆயிடுவோம், நடுவுல முழிச்சதெல்லாம் மறந்து போயிடும், ரெகார்டிங்ல மறைக்க முடியாது. பக், அதாவது புரோகிராம்ல இருக்குற கோளாறு, வேற விஷயம், அதுக்கு எந்த மெஷின், அதுக்கு முன்னாடி என்ன பண்ணீங்க, திரும்பப் பண்ணா திரும்ப வருதான்னு மட்டும் போதும். பெட்டிய மூலையில தள்ளிட்டு எடுக்க முடியாம மாட்டிக்கிறத பக்னு நெறைய பேர் எழுத மாட்டாங்க, தன் தப்புன்னு நெனச்சு ரூம திரும்ப ஆரம்பிச்சுக்குவாங்க, ஆனா அதுவும் சொல்ல வேண்டியது தான். சொன்னா தான் ரீஸ்டார்ட் பட்டன கண்ணுக்கு தெரியுற இடத்துல வைப்பாங்க.

கலர் பத்தி சொன்னதால ஒரு சின்ன விஷயம். சிவப்பு சுவிட்ச் சிவப்பு கதவுக்கு, பச்சை சுவிட்ச் பச்சை கதவுக்குன்னு வச்சுட்டு ஈஸி தானேன்னு விட்டுடுறாங்க. வட ஐரோப்பிய வம்சாவளி ஆம்பளைங்கள்ல சுமார் 8 சதவீதம் பேருக்கு சிவப்பு பச்சை பிரிச்சு தெரியுறதுல சிக்கல் இருக்கு, மத்த மக்கள்லயும் இது இருக்கு, அளவு கொஞ்சம் மாறும். சுவிட்ச் மேலயும் கதவு மேலயும் ஒரு முக்கோணம், ஒரு வட்டம் போட்டுட்டா முடிஞ்சது வேலை.

செய்யுறவங்க நாங்க சொன்ன எல்லாத்தையும் கேட்டு மாத்துனாலும் கேம் நாசம் தான், அதையும் சொல்லிடுறேன். மாட்டிகிட்டு நிக்கிறது எல்லாமே கெட்டது இல்ல, புதிர்னா மாட்டத்தான் செய்யணும். ஆனா மாட்டிகிட்டு நிக்குறவன் எப்படி நிக்கிறான்னு பாக்கணும். ஒருத்தன் ஸ்கிரீனுக்கு கிட்ட வந்து உக்காந்து, ஒவ்வொரு தடவையும் வேற வேற மாதிரி செஞ்சு பாத்து, அட இது ஏன்னு தனக்குத் தானே பேசிகிட்டு இருந்தான்னா அந்த புதிர் நல்ல புதிர், கை வைக்காதீங்க, வெளிய வந்து ரொம்ப கஷ்டம்ங்கன்னு அவனே புலம்புனாலும் கை வைக்காதீங்க. இன்னொருத்தன் செஞ்சதையே திரும்பத் திரும்ப அதே மாதிரி செஞ்சுட்டு, நாற்காலியில சாஞ்சு, பட்டன படபடன்னு சும்மா அமுக்குறான்னா அங்க கேம் அவன்கிட்ட பேசுறத நிறுத்திடுச்சுன்னு அர்த்தம், நல்லா இருந்துச்சுங்கன்னு அவன் மரியாதைக்கு சொன்னாலும் அந்த ரூம்ல கோளாறு இருக்கு. கருத்து கேக்கவே கூடாதுன்னு ஆரம்பத்துல சொன்னேனே, இதுக்கு தான்.

அடுத்து, ஆள் கணக்கு. விடுகதைக்கு விடை தெரிஞ்சவன்கிட்ட அதே விடுகதைய திரும்பப் போட முடியாது. பலகை ரூம ஒரு தடவ தாண்டுனவன் அந்த ரூமுக்கு இனிமே டெஸ்டர் கிடையாது, நான் உட்பட. அதனால தெரிஞ்ச எல்லாருக்கும் முதல் நாளே கேம அனுப்பி வச்சுட்டா ரெண்டாவது வெர்ஷனுக்கு புது கண்ணு ஒண்ணு கூட மிச்சம் இருக்காது. கொஞ்சம் கொஞ்சமா செலவு பண்ணணும். அஞ்சு பேர் பாத்தா குறையில பெரும்பகுதி தெரிஞ்சிடும்னு வெப்சைட்ட ஜனங்க எப்படி பயன்படுத்துறாங்கன்னு ஆராயுற ஜேக்கப் நீல்சன் 2000ல வெப்சைட்டுகள மனசுல வச்சு சொன்னாரு, கேமுக்கு அப்படியே பொருந்துமான்னு வாதம் பண்ணலாம், ஆனா அம்பது பேர ஒரே நேரத்துல கூப்பிடுறத விட அஞ்சு பேர், அப்புறம் திருத்தம், அப்புறம் வேற அஞ்சு பேர்ங்குறது எப்பவும் மேல். மைக்ரோசாஃப்ட்ல ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் கேமோட ரெண்டாம் பாகத்துல விளையாடச் சொல்லிக் குடுக்குற டுட்டோரியல் பகுதிய டெஸ்ட் பண்ணப்ப இன்னும் ஒரு படி மேல போனாங்க, ஒருத்தர் விளையாடி ஒரு குறை தெரிஞ்சு அதுக்கு மருந்தும் தெரிஞ்சா அடுத்த ஆள் வர்றதுக்குள்ள மாத்திடுவாங்க. ரெண்டு பேர் டீமுக்கு இது ரொம்ப தோதான முறை, பெரிய மீட்டிங் எல்லாம் கிடையாதே. முகம் தெரியாத ஆள் வேணும்னா கம்ப்யூட்டர் கேம் விக்கிற ஆன்லைன் கடையான ஸ்டீம்லயே 2020ல இருந்து பிளேடெஸ்ட்னு தனியா ஒரு வசதி இருக்கு, கேம விக்கிற பக்கத்துலயே ஜனங்க பேர் குடுத்துக்கலாம், நமக்கு வேணும்ங்குறப்ப வேணும்ங்குற அளவுக்கு உள்ள விடலாம், அதுல ரிவ்யூவும் வராது, அதனால பாதி செஞ்ச கேமுக்கு கெட்ட பேரு ஆகுமோன்னு பயப்பட வேண்டாம்.

சொல்ல மறந்துட்டேன், குறுக்கு வழி. ஃபேன் இருக்குற ஒரு சுரங்கத்துல ஒரு டெஸ்டர் கனம், லேசு, கனம், லேசுன்னு வேகமா மாத்தி மாத்தி அமுக்கி சுவர புடிச்சு ஏறுற மாதிரி மேல போயிட்டாங்க, அந்த ரூமோட புதிர் மொத்தமும் அம்போ. டெவலப்பர் உடனே அடைக்கணும்னு கிளம்பிட்டாரு, நான் வேண்டாம்னேன். அது தற்செயலா வர்ற வழி கிடையாது, கை பழகணும், கனம் மாத்துறதோட கணக்கு நல்லா புரிஞ்சிருக்கணும், அப்படி ஏறுறவன் கேம உடைச்சுட்டேன்னு சந்தோஷப்படுவான், அந்த சந்தோஷத்துக்கு தானே விளையாடுறோம். ஒண்ணுமே புரியாம சும்மா நடந்து போனவன் புதிர பாக்காமலே தாண்டிட்டான்னா அத மட்டும் கண்டிப்பா அடைங்க. சுரங்கத்த விட்டுட்டாங்க, மேல ஒரு மூலையில ஒரு சின்ன நட்சத்திரம் கூட வச்சிருக்காங்க இப்ப.

உங்க இணைப்புக்கு ஒரு வேண்டுகோள். கேம் வெளிய வந்ததுக்கு அப்புறம் நட்சத்திரம் போட்டு விமர்சனம் எழுதுறத எல்லாரும் பண்றாங்க, அந்த நேரத்துல சொல்ற குறைய ரெண்டு பேர் டீமால திருத்துறதுக்கு பெரும்பாலும் கைல காசும் இருக்காது தெம்பும் இருக்காது. அதுக்கு பதிலா, செஞ்சுகிட்டு இருக்குற கேமுக்கு ஆள் தேடுறவங்க விவரத்த மாசம் ஒரு தடவ ஒரு மூலையில போடுங்க, கேம் அதிகம் விளையாடாதவங்களும் வரலாம்னு சேத்துப் போடுங்க, அவங்க தான் எங்களுக்கு கிடைக்கவே மாட்டாங்க. ஜம்ப் பட்டன் எதுன்னு தேடுறவங்க ஒருத்தர் விளையாடுறத அரை மணி நேரம் பக்கத்துல இருந்து பாத்தா, என்ன மாதிரி பழகுன ஆளுங்க பத்து பேர் எழுதுறதுல கிடைக்காதது கிடைக்கும்.

கடிதம் நீளமாயிடுச்சு, இடம் பத்தாதுன்னு தெரியும். வெட்டணும்னா செலெஸ்ட் ஃப்ரேம் கணக்க வெட்டிக்கோங்க, மரியோவ கூட எடுத்துடுங்க, ஆனா தெரியலையா முடியலையான்னு எழுதுன அந்த ஒரு பாராவ மட்டும் அப்படியே விட்டுடுங்க சார்.

இப்படிக்கு,
உங்க வாசகன் ஒருவன்